பதினாறு பேர் முப்பது பேராகும்போது பட்டறையை யாரிடம் ஒப்படைப்பது?

காலை 11 மணிக்கே செருப்புப் பட்டறையில் ஒட்டுகிற மேஜையில் இருந்தவர் பார்த்துவிட்டார்: சோல் ஓரம் தூக்குகிறது. ஐப்பசி மழை, காற்றெல்லாம் ஈரம். பசை காயும்போது அதன்மேல் ஈரம் படிந்தால் பிடிப்பு இருக்காது. இன்னும் கொஞ்ச நேரம் காயவிட வேண்டும், இல்லையென்றால் சூடு காட்ட வேண்டும். அது அவருக்கும் தெரியும். ஆனால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவரிடம் இல்லை. உரிமையாளர் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியின் பர்ச்சேஸ் அறைக்கு வெளியே, போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். ‘அண்ணா, சோல் ஓரம் தூக்குது, என்ன பண்றது?’ என்ற வாட்ஸ்ஆப் செய்தியை அவர் பார்த்தபோது மணி 4. 12 ஜோடியோடு நின்றிருக்க வேண்டிய கோளாறு அதற்குள் 46 ஜோடிக்குப் போயிருந்தது.

வளர்கிற நிறுவனத்தில் நிர்வாகச் சிக்கல் தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான். ஆள் இருக்கிறது, அறிவும் இருக்கிறது, முடிவு மட்டும் ஊரில் இல்லை. அந்த இடத்தில் உரிமையாளர் முன்னால் நான்கு வழிகள் உண்டு: எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வது, உள்ளே இருப்பவர் ஒருவரைப் பொறுப்பாளராக உயர்த்துவது, சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ அனுபவமுள்ள மேலாளரை அழைத்துவருவது, மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் வந்துபோகும் ஆலோசகரை வைத்துக்கொள்வது.

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக ஒரே ஒரு கற்பனைப் பட்டறையை வைத்துக்கொள்வோம். காட்பாடி பக்கம், 16 பேர், நீரிழிவு நோயாளிகளுக்கான செருப்பு தயாரிக்கிறார்கள். இந்தப் பக்கத்துக்கு இது பொருந்துகிற தொழில். டாக்டர் பால் பிராண்ட் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் கைகால்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்த காலத்திலிருந்து, கரிகிரி மருத்துவமனையின் செருப்புப் பட்டறை வரை, உணர்விழந்த பாதத்துக்கு எம்.சி.ஆர். என்ற நுண்துளை ரப்பரில் செய்த செருப்பு என்பது வேலூருக்குப் பழகிய பொருள். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் தோலும் கிடைக்கும், தையல் தெரிந்த கைகளும் கிடைக்கும்.

கணக்கு இப்படி: மாதம் 2,000 ஜோடி, ஜோடி 1,100 ரூபாய், ஆக விற்பனை 22 லட்சம். தோல், ரப்பர், பசை, கூலி எல்லாம் சேர்த்து ஜோடிக்கு 750 ரூபாய். மிச்சம் 350. மாதத்துக்கு 7 லட்சம். வாடகை, அலுவலகச் சம்பளம், மின்சாரம், வண்டி, கடன் தவணை எல்லாம் போக 1.8 லட்சம் கையில் நிற்கிறது. ஆர்டர் வருகிறது. ஒரு வருடத்தில் 3,000 ஜோடிக்குப் போகலாம், ஆட்கள் முப்பதைத் தொடலாம்.

முதலில் ஒரு நோட்டு

ஆளைத் தேடுவதற்கு முன்னால் 40 ரூபாய் நோட்டு ஒன்று வாங்குங்கள். இரண்டு வாரம், உங்களிடம் வருகிற ஒவ்வொரு கேள்வியையும் அதில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, யார் கேட்டது, என்ன கேட்டது, பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆனது. போனில் வந்தது, வாசலில் நிறுத்திக் கேட்டது, டீ குடிக்கும்போது கேட்டது எதையும் விடக்கூடாது. இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று எழுத்தில் ஒன்றைப் போடுங்கள். ‘த’ என்றால் தகவல் இல்லாததால் கேட்டது. ‘அ’ என்றால் அதிகாரம் இல்லாததால் கேட்டது. ‘தி’ என்றால் அந்தத் திறமை உள்ளே யாரிடமும் இல்லாததால் கேட்டது.

‘எட்டாம் நம்பர் லாஸ்ட் எங்கே இருக்கு?’ (லாஸ்ட் என்பது கால் வடிவ அச்சு), ‘இந்த ஆர்டருக்கு வெல்க்ரோ கருப்பா, பழுப்பா?’ இவை ‘த’. ‘ஊசி தீர்ந்துபோச்சு, வாங்கலாமா?’, ‘நாளைக்கு லீவு வேணும்’, ‘லைனை நிறுத்தலாமா?’ இவை ‘அ’. ‘துபாய்க்காரர் கேட்கிற பரிசோதனைச் சான்றிதழை எங்கே வாங்குவது?’ இது ‘தி’.

இந்த விகிதம்தான் நான்கு வழிகளில் எது உங்களுக்கு என்று சொல்லும். பாதிக்கு மேல் ‘த’ என்றால் மேலாளரே வேண்டாம். ஆர்டர் அட்டை, சுவரில் ஒரு பலகை, லாஸ்ட் அலமாரியில் எண் ஒட்டுவது, இவ்வளவு செய்தாலே உங்கள் நாளில் இரண்டு மணி நேரம் மிஞ்சும். அந்த வேலையைச் செய்யாமல் மேலாளரைக் கொண்டுவந்தால், உங்களைக் கேட்டவர்கள் அவரைக் கேட்பார்கள். அவர் உங்களைக் கேட்பார்.

அந்த நோட்டில் இன்னொன்றும் தெரியவரும். ‘தோல்காரர் பணம் கேட்கிறார்’ என்பதுபோன்ற வரிகள் நிறைய இருந்தால் உங்கள் சிக்கல் நடைமுறை மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் சுழற்றும் பணம். கூடுதல் 1,000 ஜோடிக்கு மாதம் 7.5 லட்சம் உள்ளே போகும். தைத்து முடிக்க 15 நாள், ஆஸ்பத்திரி பணம் தர 60 நாள் என்றால் இரண்டரை மாதப் பணம், அதாவது 18.75 லட்சம், எப்போதும் வெளியே நிற்கும். எந்த மேலாளராலும் இதை ஈடுகட்ட முடியாது. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்தால், குறு, சிறு உற்பத்தியாளருக்கு வாங்குபவர் எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும் என்பது சட்டம். அதைப் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ஒரு வரியாக அச்சடித்து வாங்குங்கள். வசூல், வங்கி, தோல்காரரின் கடன் ஆகிய மூன்றையும் முதல் இரண்டு வருடம் உரிமையாளரே வைத்துக்கொள்வதுதான் சரி.

தானே பார்த்துக்கொள்வது

பொருளே இன்னும் முடிவாகாத நிலையில் இதுதான் சிறந்த வழி. அச்சு மாறிக்கொண்டிருக்கும்போதும், ரப்பர் அடர்த்தியைச் சோதித்துக்கொண்டிருக்கும்போதும் நடுவில் ஒரு மேலாளர் இருந்தால் தகவல் நீர்த்துப்போய்தான் உங்களிடம் வரும். பத்துப் பன்னிரண்டு பேர் வரைக்கும் ஒருவர் எல்லோருடைய வேலையையும் கண்ணால் பார்த்துவிடலாம்.

அதைத் தாண்டினால் இரண்டு இடத்தில் உடையும். ஒன்று, நீங்கள் ஊரில் இல்லாத நாள். இன்னொன்று, சட்டம். 10 பேரைத் தொட்டதும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. வருகிறது: சம்பளத்தில் தொழிலாளி 0.75 சதவீதம், நிறுவனம் 3.25 சதவீதம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவும் அதே 10 பேருக்குக் கட்டாயம். 20 பேரைத் தொட்டால் வருங்கால வைப்பு நிதியான பி.எஃப். அந்தக் கணக்கில் ஒப்பந்தக்காரர் மூலம் வருபவர்களும் சேர்வார்கள். 16 பேரும் நான்கு ஒப்பந்த ஆட்களும் இருந்தால் நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டீர்கள். மாதாமாதம் கட்டும் தேதிகள் தவறினால் வட்டியும் அபராதமும் சேரும். இந்தக் காகித வேலையை உரிமையாளர் இரவில் உட்கார்ந்து செய்வது வீண். மாதச் சம்பளத்துக்குக் கணக்கர் ஒருவரையோ, வெளியே ஒரு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கன்சல்டன்டையோ வைத்து இதை மட்டும் முதலில் கைமாற்றலாம்.

இரண்டு பங்குதாரர்கள் இருந்தால் இன்னொரு ஆபத்து. கட்டிங் மேஜையில் இருப்பவரிடம் ஒருவர் ‘முதலில் சென்னை ஆர்டர்’ என்பார், மற்றவர் ‘முதலில் திருப்பதி ஆர்டர்’ என்பார். கட்டிங்காரர் இரண்டிலும் பாதி வெட்டி வைப்பார். பட்டறைத் தளத்தில் உத்தரவு ஒருவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். மற்றவர் வெளியே, விற்பனையில் இருக்கட்டும்.

உள்ளே இருப்பவரை உயர்த்துவது

நோட்டில் ‘அ’ அதிகம் என்றால், 16 பேரிலிருந்து 35, 40 பேர் வரை இந்தப் பக்கத்துப் பட்டறைக்கு இதுதான் முதல் தேர்வு என்று உறுதியாகச் சொல்லலாம். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்கள்தான் தைக்கிறார்கள். பத்து வருடம் லைனில் இருந்துவிட்டு, வீட்டுக்குப் பக்கம் என்று சிறிய பட்டறைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெரிய லைன் எப்படி ஓடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். யாருடைய பேருந்து எப்போது வரும், ரம்ஜான் மாதத்தில் யார் சீக்கிரம் வந்து சீக்கிரம் போக வேண்டும், எந்த ஊரில் திருவிழா வந்தால் எத்தனை பேர் வரமாட்டார்கள் என்பதும் தெரியும். வெளியாள் ஒருவருக்கு இதைக் கற்கவே ஒரு வருடம் ஆகும்.

செலவும் குறைவு. இப்போது 19,000 வாங்குபவருக்கு 29,000 கொடுத்தால் கூடுதல் 10,000. அவர் இடத்தில் தைக்க ஆள் வைக்க 14,000. ஆக 24,000. ஜோடிக்கு 350 மிச்சம் என்ற கணக்கில் மாதம் 69 ஜோடி கூடுதலாகப் போனால் ஈடாகிவிடும்.

இங்கே தவறு நடப்பது ஆள் தேர்விலும் ஒப்படைக்கிற முறையிலும். நன்றாகத் தைப்பவரை உயர்த்துகிறார்கள். அதனால் நல்ல தையல்காரரும் போய்விடுகிறார், நல்ல பொறுப்பாளரும் கிடைப்பதில்லை. நோட்டைப் பாருங்கள்: நீங்கள் இல்லாதபோது மற்றவர்கள் யாரிடம் போய்க் கேட்டார்கள்? அவர்தான் ஆள். அவர் தையலில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இருக்கலாம்.

ஒப்படைப்பதற்கு 90 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே எழுத்தில் ஒரு கடிதம், எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டி. அதில் மூன்று அதிகாரம் மட்டும்: கோளாறு தெரிந்தால் லைனை நிறுத்துவது, உங்களைக் கேட்காமல் ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை, மாதத்துக்கு 20,000 வரை செலவு செய்வது, இரண்டு நாள் வரை லீவு கொடுப்பதும் மறுப்பதும். இரண்டாம் மாதம் அன்றாடத் திட்டம்: எந்த ஆர்டர் முதலில், யார் எந்த மேஜை. மூன்றாம் மாதம் புது ஆளை எடுப்பதில் அவர் சொல்லே முடிவு. கூலி விகிதத்தை மட்டும் கொடுக்காதீர்கள். உடன் வேலை செய்தவர்களின் ரேட்டை நிர்ணயிக்கச் சொன்னால், எதைச் செய்தாலும் பக்கத்து வீட்டில் பகை வரும்.

ஐப்பசி மழைநாளுக்கு இந்தக் கடிதம் எப்படி உதவும் என்று பாருங்கள். ஒட்டுகிறவர் ‘ஓரம் தூக்குதுக்கா’ என்கிறார். பொறுப்பாளராக உயர்ந்த அக்கா வந்து ஒரு ஜோடியை எடுத்து, கட்டைவிரலால் ஓரத்தை அழுத்திப் பிரிக்கிறார். பசை முழுக்க ரப்பர் பக்கமே நிற்கிறது, தோலில் ஒட்டவே இல்லை. அப்படியென்றால் ஈரம் ஒரு காரணம், தோலின் மேல் பளபளப்பு சரியாக உரசி எடுக்கப்படாதது இன்னொரு காரணம். தோலை உரசும் பஃபிங் சக்கரத்தில் கைவைத்துப் பார்த்தால் மணல்தாள் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது. லைன் நிற்கிறது, தாள் மாறுகிறது, கூடவே ஒரு ஹீட்டர் வருகிறது. முக்கால் மணி நேரம், 1,800 ரூபாய், 12 ஜோடி. மாலையில் உரிமையாளருக்கு ஒரே செய்தி: நடந்தது இது, செய்தது இது.

இந்த ஏற்பாட்டை உடைப்பவர் அநேகமாக உரிமையாளரேதான். லீவு மறுக்கப்பட்டவர் நேரே உங்களிடம் வந்து, ‘அண்ணா, நீங்க சொன்னா போதும்’ என்பார். நல்ல மனதோடு நீங்கள் ‘சரி போ’ என்றால் அந்தக் கடிதம் அன்றே செத்துவிடும். ‘அக்காகிட்ட கேளு’ என்ற ஒரே பதிலை மூன்று மாதம் சலிக்காமல் சொல்ல வேண்டும். அவர் முடிவு தவறாகப் பட்டாலும் எல்லோர் முன்னாலும் மாற்றாதீர்கள். மாலையில் தனியாகப் பேசி, மறுநாள் அவரே மாற்றட்டும்.

திரும்பி வரும் வழியையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: 90 நாளில் பிடிக்கவில்லை என்றால் பழைய மேஜைக்கு, பழைய சம்பளத்துக்குக் குறையாமல் திரும்பலாம். அது இல்லாவிட்டால், ஒத்துவராதவர் வேலையையே விட்டுவிட்டு எதிர்க் கம்பெனிக்குப் போவார். ஊர்க்காரர்கள் முன்னால் இறங்கி உட்காருவது சின்ன விஷயமில்லை.

வெளியிலிருந்து மேலாளர்

அனுபவமுள்ள ஒருவருக்கு மாதம் 80,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் நிற்கும் 1.8 லட்சத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஈடாக மாதம் 229 ஜோடி கூடுதலாகப் போக வேண்டும். ஆர்டர் கையில் இருந்தால் இது பெரிய எண் இல்லை. ஆனால் அவர் பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதச் சம்பளம், 4.8 லட்சம், தனியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நோட்டில் ‘தி’ நிறைந்திருந்தால், அதாவது ஏற்றுமதி, தரச் சான்றிதழ், புது இயந்திர வரிசை போன்றவை வந்துவிட்டால், வெளியாள் தேவைதான். உள்ளே இருப்பவரை அதில் தள்ளுவது அவருக்கும் அநியாயம்.

வெளி மேலாளர்கள் இங்கே தோற்பதற்கு அநேகமாகக் காரணம் திறமைக் குறைவாக இருப்பதில்லை. அவர் முன்பு இருந்த 800 பேர் கம்பெனியில் பர்ச்சேஸுக்கு ஒரு துறை, மெஷின் பழுதுக்கு ஒரு துறை, ஆள் எடுக்க ஒரு துறை இருந்தது. இங்கே அந்த மூன்றுமே அவர்தான். நேர்காணலில் பட்டங்களைவிட இதைக் கேளுங்கள்: ‘காலை 9 மணிக்குத் தையல் மெஷின் நின்றுவிட்டது. முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வீர்கள்?’ மெக்கானிக்குக்கு மெயில் அனுப்புவேன் என்பவர் வேண்டாம். பிறகு, சம்பளம் கொடுத்து மூன்று நாள் பட்டறையில் வேலை பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் மாலை, லைனில் இருக்கும் ஐந்து பேர் பெயர் அவருக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்.

இந்த ஊருக்கே உரிய சிக்கல் ரயில். காட்பாடியிலிருந்து சென்னை 130 கிலோமீட்டர், விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதனால் ‘குடும்பம் சென்னையிலேயே இருக்கட்டும், நான் வந்துபோகிறேன்’ என்பார்கள். திங்கள் பத்தரைக்கு வந்து வெள்ளி மதியம் கிளம்புவார்கள். பட்டறையில் சனிக்கிழமைதான் வாரக் கூலி பிரிக்கும் நாள், வாரத்தின் புகார்கள் வெளியே வரும் நாள். சனிக்கிழமை இல்லாத மேலாளரை யாரும் மேலாளராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வேலூரிலோ காட்பாடியிலோ வீடு எடுப்பதை வேலைக் கடிதத்திலேயே எழுதுங்கள். தேவையானால் முதல் ஆறு மாத வாடகையை நீங்களே கொடுங்கள்.

பங்கு கேட்பவர்கள் உண்டு. ஒருவர் மட்டுமே உரிமையாளராக உள்ள நிறுவனத்திலும் பார்ட்னர்ஷிப்பிலும் ஊழியர் பங்குத் திட்டம் கொடுக்க வழியில்லை. அதற்கு நிறுவனம் கம்பெனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். அப்போதும் கொடுத்த நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடம் கழித்தே அது கைக்கு வரும். வாயால் ‘ரெண்டு பர்சன்ட் தரேன்’ என்று சொல்லிவைத்து, பிறகு அது முடியாது என்று தெரியவரும்போது நம்பிக்கை போய்விடுகிறது. வாய்ச்சொல் வேண்டாம். ஆண்டு லாபத்தில் இத்தனை சதவீதம் ஊக்கத்தொகை என்று எழுதிக் கொடுப்பது எந்த வகை நிறுவனத்துக்கும் முடியும்.

ஆலோசகர்

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஓய்வுபெற்ற உற்பத்தி மேலாளர்களும் பொறியாளர்களும் வசிக்கிறார்கள். மாதம் மூன்று நாள், நாளுக்கு 5,000 என்றால் 15,000. ஜோடிக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்ற கணக்கு, ஒவ்வொரு மேஜைக்கும் எவ்வளவு நேரம், தரச் சோதனை எந்த இடத்தில் இருக்க வேண்டும், இவற்றை ஒருவர் மூன்று மாதத்தில் சரிசெய்து தந்துவிடலாம். ஆனால் அவரை லைனில் உத்தரவிட விடக்கூடாது. மாதம் மூன்று நாள் இருப்பவர் சொன்னதை மீதி நாட்கள் யாரும் காப்பாற்ற மாட்டார்கள். அவர் பேச வேண்டியது பொறுப்பாளரிடம் மட்டும்.

இந்தக் கற்பனைப் பட்டறைக்கு என் தேர்வு இரண்டாவதும் நான்காவதும் சேர்ந்தது. அக்காவுக்கு 24,000, பின்னால் நின்று கற்றுத்தர ஆலோசகருக்கு 15,000, ஆக 39,000. மாதம் 112 ஜோடி கூடுதலாகப் போனால் போதும். வெளி மேலாளரின் செலவில் பாதிக்கும் குறைவு. முதல் ஏற்றுமதி ஆர்டர் உறுதியாகும்போது வெளியாளை எடுக்கலாம். அப்போதும் அவரை அக்காவின் தலைமேல் உட்காரவைக்காமல், சான்றிதழ், ஏற்றுமதிக் காகிதம், புது இயந்திரம் என்று தனிப் பொறுப்பாகக் கொடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

உயர்த்துகிற தேதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. இ.எஸ்.ஐ. வரம்பு இப்போது மாதம் 21,000 ரூபாய். 29,000 ஆக்கினால் அவர் அதிலிருந்து வெளியேறுவார். குடும்பமே இ.எஸ்.ஐ. மருத்துவத்தை நம்பியிருந்தால், சம்பளம் ஏறிய சந்தோஷம் முதல் ஆஸ்பத்திரிச் செலவில் போய்விடும். சந்தாக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. காலம் தொடங்கிய பிறகு சம்பளம் ஏறினால் அந்தக் காலம் முடியும்வரை உள்ளேயே இருப்பார். ஏப்ரல் 1-ஆம் தேதியே ஏற்றினால் அன்றே வெளியே. மே மாதம் ஏற்றினால் செப்டம்பர் வரை சந்தா கட்டலாம், அதற்கான பலன் காலம் அடுத்த ஆண்டு ஜூன் வரை போகும். அதற்குள் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு குழு மருத்துவக் காப்பீடு எடுத்து, அட்டையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.